பழைய வீட்டுச் சமையலறைக்கு விளக்கு, சிங்க், குழாய் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்தபோது நான் முதலில் வாங்கிய பொருள் ஒரு சிங்க். 25 செ.மீ. ஆழம், தடித்த எவர்சில்வர் தகடு, பெரிய பாத்திரத்தைப் படுக்கவைத்தே கழுவலாம். பார்த்ததும் பிடித்துவிட்டது. பொருத்துகிற நாளில் பிளம்பர் மேடைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சிங்கின் அடியையும் சுவரில் இருந்த கழிவுநீர் ஓட்டையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். "சிங்க் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா தண்ணி மேல ஏறாதே" என்றார்.

கணக்கு எளிமையானது. மேடையின் உயரம் 85 செ.மீ. சுவரில் கழிவுநீர் போகும் ஓட்டை தரையிலிருந்து 50 செ.மீ. பழைய சிங்க் 15 செ.மீ. ஆழம்தான் என்பதால் அதன் அடி 70 செ.மீ. உயரத்தில் நின்றது; ஜாலி (சிங்க் துளையில் உள்ள வடிகட்டி), இணைப்புக் குழாய் எல்லாம் சேர்ந்து 12 செ.மீ. இறங்கினாலும் ஓட்டைக்கு மேலேயே இருந்தது. புது சிங்கின் அடி 60. அதில் 12 போனால் 48. ஓட்டையைவிட 2 செ.மீ. கீழே. சுவரை உடைத்து ஓட்டையை இறக்கி, மறுபடி பூசி, காயவைத்து முடிப்பதற்குள் சமையலறை பல நாள் முடங்கியது.

அதிலிருந்து எந்தப் பழைய வீட்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கடைக்குப் போவதற்கு முன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புது வீட்டில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ப வயரும் குழாயும் போடலாம். பழைய வீட்டில் வயரும் குழாயும் ஏற்கெனவே ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றுவதா, அவற்றுக்கு ஏற்ற பொருளை வாங்குவதா என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நேராகும்.

முதலில் அளவு, அப்புறம் கடை

ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப், ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம். இவ்வளவு போதும். மேடையின் உயரமும் அகலமும், மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே உள்ள இடைவெளி, தரையிலிருந்து கூரை, கழிவுநீர் ஓட்டையின் நடுப்புள்ளி, தண்ணீர் வரும் இணைப்புகளின் உயரம், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், சன்னல் எங்கே தொடங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரின் நீளத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். தரையை ஒட்டி, மேடை மட்டத்தில், தலை உயரத்தில் என மூன்று முறை அளக்க வேண்டும். பழைய சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். மூலை சரியான செங்கோணமா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு. மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மறு சுவரில் 80 செ.மீ. அளந்து கோடு போடுங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 100 செ.மீ. வர வேண்டும். 98 வந்தால் மூலை குறுகியிருக்கிறது, 102 என்றால் விரிந்திருக்கிறது. அலமாரி செய்பவரிடமும் மேடைக் கல் வெட்டுபவரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

காந்தம் எதற்கென்றால், சுவரிலிருந்து வெளியே தெரியும் குழாய் எந்த உலோகம் என்று பார்க்க. காந்தம் ஒட்டினால் அது இரும்பு, பெரும்பாலும் ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஒட்டாமல், சுரண்டிய இடம் செம்பு நாணயத்தின் நிறத்தில் இருந்தால் செம்பு. ஒட்டாமல், மிருதுவாக, சுரண்டினால் வெள்ளி போல் பளபளத்தால் அது ஈயமாக இருக்கலாம். ஈயக் குழாயில் வரும் நீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. அப்படி ஒரு குழாய் கண்ணில் பட்டால் விளக்கு, சிங்க் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த பெயின்டில் ஈயமும், பழைய கூரைத் தகடுகள், கூரைப் பூச்சுகள், தரை ஓடுகள் சிலவற்றில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வயரிங் என்ன நிலைமையில் இருக்கிறது?

சுவிட்ச் தகடு தொட்டால் சூடாக இருக்கிறதா? மிக்சி போட்டால் விளக்கு மங்குகிறதா? ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் புது விளக்கைப் பற்றி யோசிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெயினை அணைத்துவிட்டு ஒரு பழைய ஹோல்டரைக் கழற்றச் சொல்லி, உள்ளே உள்ள வயரை நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். மிகப் பழைய வயர்களில் செம்புக் கம்பியின் மேல் ரப்பரும் அதன் மேல் துணியும் சுற்றியிருக்கும். ஆண்டுக்கணக்கில் பல்பின் சூடு பட்டு அந்த ரப்பர் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும். மெல்ல வளைத்தாலே கறுப்புத் தூளாக உதிரும். அந்த வயரில் எந்தப் புது விளக்கையும் மாட்டக் கூடாது. முழுவதும் மாற்றத்தான் வேண்டும். சில வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். அது சூட்டில் விரிந்து சுருங்கும்போது திருகுகள் தளர்ந்து, இணைப்புகள் சூடேறும். அதைச் செம்பு வயரோடு வெறுமனே முறுக்கி இணைப்பது ஆபத்து. அதற்கென்று உள்ள கனெக்டர் வேண்டும்.

அடுத்தது எர்த். சுவரில் மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் ஏராளம். எலெக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் கட்டாயம். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி விளக்கின் மேல் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு மட்டும் எர்த் தேவையில்லை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அறை இது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாவிட்டால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். மற்ற எதில் கை சுருக்கினாலும் இதில் சுருக்காதீர்கள்.

அணைத்த பிறகும் எல்இடி பல்பு இருட்டில் மங்கலாக ஒளிர்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், நீண்ட வயர்கள் ஒட்டி ஓடினாலும் அப்படி ஆகும். ஆனால் பழைய வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். விளக்குதான் எரியவில்லையே என்று கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். அந்த மங்கல் ஒளியை அலட்சியம் செய்யாமல் சோதித்துவிடுங்கள்.

வயரிங் மாற்றுவதாக இருந்தால் கூடவே இரண்டு காரியம்: மின் அடுப்பு, ஓவன், கெட்டில் மாதிரி அதிகம் இழுக்கும் பொருள்களுக்குத் தனி சர்க்யூட், மேடையின் மேல் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு பிளக் பாயிண்ட் கூடுதலாக, ஆனால் சிங்கிலிருந்து தள்ளி.

வெளிச்சம் விழ வேண்டிய இடம்

பழைய சமையலறைகளில் பெரும்பாலும் கூரையின் நடுவில் ஒரே ஒரு விளக்குதான். இரவில் மேடை முன் நின்று கையை நீட்டிப் பாருங்கள். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் நிழல் நேராகக் கத்தியின் மேல் விழுகிறது. அந்த விளக்கைக் கழற்றி இரண்டு மடங்கு பிரகாசமான ஒன்றை மாட்டினாலும் நிழல் அங்கேயேதான் இருக்கும், இன்னும் அழுத்தமாக. அதனால் எத்தனை வாட் என்று கேட்கும் முன், விளக்கு எங்கே என்று கேளுங்கள்.

மேலே அலமாரி இருந்தால் அதன் அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவதுதான் சிறந்த வழி. பலர் அதைச் சுவரோரமாக ஒட்டிவிடுகிறார்கள். அப்போது சுவர் பளிச்சென்று இருக்கும், கை வேலை செய்கிற இடம் மங்கலாகவே இருக்கும். அலமாரியின் முன் விளிம்பை ஒட்டிப் போடுங்கள். வெறும் ஸ்ட்ரிப்பை ஒட்டாமல் பால் நிற மூடியுள்ள அலுமினியப் பட்டைக்குள் வைத்து ஒட்டுங்கள். அலுமினியம் சூட்டை வாங்கிக்கொள்வதால் ஸ்ட்ரிப் அதிக நாள் உழைக்கும். பால் மூடி இல்லாவிட்டால், பளபளப்பான கல் மேடையில் ஒவ்வொரு புள்ளி விளக்கும் தனித்தனியாகப் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் மாற்றித் தரும் டிரைவர் பெட்டியைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் முதலில் பழுதாவது அதுதான்; அதை அலமாரிக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டால் பிறகு அலமாரியையே கழற்ற வேண்டி வரும். நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பகுதி மங்கும். இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்கவோ, இரண்டாகப் பிரிக்கவோ வேண்டும்.

மேல் அலமாரி இல்லாத வீடு என்றால், மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, அதாவது சுவரிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி, கூரையில் விளக்கு வரட்டும். வெளிச்சம் உங்கள் தலைக்கு முன்னால் இறங்கும்.

கூரை உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் கூரை மிக உயரம். ஒரு சிறிய விளக்கு மேடையிலிருந்து 1.5 மீட்டர் மேலே இருப்பதற்கும் 2.5 மீட்டர் மேலே இருப்பதற்கும் நடுவில் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைவதுதான் காரணம். அவ்வளவு உயரத்தில், கூரைக்குள் பதிக்கும் சின்னச் சின்ன டவுன்லைட்டுகளை வைத்தால் மேடைக்கு வந்து சேரும் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். உயரமான கூரைக்குத் தொங்கும் விளக்கும் சுவர் விளக்கும்தான் பொருந்தும். மேஜைக்கு மேல் தொங்கவிடுவதானால் மேஜைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். உட்கார்ந்து பார்த்து, பல்பு நேராகக் கண்ணில் படாத அளவுக்கு இறக்குங்கள். கனமான விளக்கு என்றால் அதன் எடையைக் கூரையில் உறுதியாகப் பதித்த கொக்கி தாங்க வேண்டும், வயர் தாங்கக் கூடாது. பழைய கொக்கியில் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எந்த இடமானாலும் துளை போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீள வயர் உள்ள ஒரு டேபிள் விளக்கை அந்த இடத்தில் கட்டியோ யாரையாவது பிடிக்கச் சொல்லியோ, இரண்டு மூன்று இரவு அங்கேயே வேலை செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் சிங்கின் மேல் விளக்கு வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்திருந்தோம். மூன்று இரவுச் சோதனையில் அது சன்னல் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசுவது தெரிந்தது. 40 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினோம், சரியாகிவிட்டது.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

வாட் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைச் சொல்கிறது. வெளிச்சத்தைச் சொல்வது லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சம் சுமார் 800 லூமென். அதே 800 லூமெனை 8 முதல் 10 வாட் எல்இடி கொடுத்துவிடும். 100 வாட் குண்டு பல்புக்கு ஈடு 1600 லூமென்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லூமென் விழுந்தால் அது 1 லக்ஸ். நறுக்கி, கிளறி வேலை செய்கிற மேடைக்கு 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் கண் களைக்காது. அறை முழுக்க 150, 200 லக்ஸ் போதும். 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள மேடையின் பரப்பு 1.8 சதுர மீட்டர். 500 லக்ஸுக்கு 900 லூமென் மேடை மேல் விழ வேண்டும். மூடியிலும் சுவரிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் 1300 லூமென் தரும் விளக்காக வாங்கினால் சரி. சுவர் வெளுப்பாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அடர்ந்த நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதற்குக் கூட்ட வேண்டும்.

அடுத்தது நிறம். 2700, 3000 கெல்வின் என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. 4000 நடுநிலை. 6500 நீலம் கலந்த வெண்மை. என் கருத்தில் மேடைக்கு 4000, அறைக்கு 3000 என்று பிரிப்பதைவிட, ஒரே அறையில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. கலந்தால் ஒரு மூலை அழுக்காகத் தெரியும். பழைய மரக் கதவும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள வீட்டில் 6500 கெல்வின் வெளிச்சம் அவற்றின் அழகையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது; 3000 போட்டுப் பாருங்கள், மரத்தின் ரேகைகள் உயிர்பெறும்.

சிஆர்ஐ என்று ஒரு எண்ணும் இருக்கும். பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கான அளவு, அதிகபட்சம் 100. சமையலறைக்கு 90 அல்லது அதற்கு மேல் பாருங்கள். காய் வாடியிருக்கிறதா, இறைச்சி உள்ளே வெந்ததா என்பதைக் கண்ணால்தானே முடிவு செய்கிறோம். குறைந்த சிஆர்ஐ விளக்கில் சிவப்பெல்லாம் பழுப்பாகத் தெரியும்.

சிங்க், அடுப்புப் பக்கம் வரும் விளக்குக்கு, தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணையும் பாருங்கள். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீர் பற்றியது. ஐபி44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். அப்புறம், பல்பைத் தனியாக மாற்ற முடிகிற விளக்கா, எல்இடி உள்ளேயே பதித்ததா என்று கேளுங்கள். ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில் இருந்தாலும், பல்பு மட்டும் மாற்றக்கூடிய ஈ27 (திருகு வகை) அல்லது பி22 (பின் வகை) ஹோல்டர் உள்ளதையே நான் எடுப்பேன். பதித்தது பழுதானால் விளக்கையே மாற்ற வேண்டி வரும், அதே மாதிரி பிறகு கிடைக்காமலும் போகலாம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்திருந்த வீடு என்றால் பழைய டிம்மரில் எல்இடி துடிக்கும், முனகும். அது குண்டு பல்பின் பெரிய சுமைக்காகச் செய்தது. டிம்மரையும் மாற்றுங்கள், பல்பிலும் டிம் செய்யலாம் என்று எழுதியிருக்க வேண்டும்.

வீட்டில் பழைய கண்ணாடி விளக்குக் கூண்டுகள் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட வேண்டாம். ஊதிச் செய்த கண்ணாடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருக்கும். வெளிச்சம் அதன் வழியே வரும்போது சுவரில் விழும் சாயலுக்கு ஈடான புதுப் பொருளை நான் பார்த்ததில்லை. கூண்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே ஹோல்டரையும் வயரையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். முழுக்க மூடிய கூண்டு என்றால், மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்இடி பல்பாக வாங்க வேண்டும். சாதாரண எல்இடி பல்பின் அடியில் உள்ள மின்னணுப் பகுதி சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரமே போய்விடும்.

சிங்க்

கழிவுநீர் ஓட்டைக் கணக்கை மேலேயே சொல்லிவிட்டேன். மேடை உயரத்திலிருந்து சிங்கின் ஆழத்தையும், ஜாலிக்கும் இணைப்புக்கும் 12 செ.மீ. அளவையும் கழியுங்கள். வரும் எண், ஓட்டையின் உயரத்தைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் டிராப் உட்கார இடம் வேண்டும். வளைந்த அந்தக் குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த நீர்தான். இடம் போதவில்லை என்று டிராப் இல்லாமல் நேர்க் குழாய் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எவர்சில்வர் சிங்க் என்றால் 304 ரகமா என்று கேளுங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், எளிதில் துரு பிடிக்காது. தகட்டின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் தலைகீழாக ஓடும்: 16 கேஜ் ஏறக்குறைய 1.5 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. எண் சின்னதாக இருந்தால் தகடு தடிமன். கடையில் சிங்கைத் திருப்பி அடியைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் பட்டைகள் ஒட்டியிருந்தால் தண்ணீர் விழும்போது தகரச் சத்தம் வராது.

மேடைக்கு அடியில் பொருத்தும் சிங்க் துடைப்பதற்கு வசதி, ஆனால் மேடை உறுதியான கல்லாக இருக்க வேண்டும். மரத்தூள் பலகை மேடையில் அந்த வெட்டு விளிம்பு ஈரம் குடித்து உப்பிவிடும். பழைய மேடையை மாற்றாமல் சிங்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் மேலிருந்து இறக்கும் வகைதான், அதுவும் பழைய வெட்டை முழுதாக மூடும் அளவில்.

குழாய்: அழகுக்கு முன் அழுத்தம்

சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் மிக்சர் குழாய் வாங்கி மாட்டிவிட்டு, தண்ணீர் நூல் மாதிரி வருகிறதே என்று புலம்புபவர்கள் அதிகம். குழாயில் குறை இருக்காது. மாடியில் உள்ள தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் 4 மீட்டர்தான் என்றால் 0.4 பார். புதிய மிக்சர்கள் பலவற்றின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 அல்லது 1 பார் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் படிக்காமல் வாங்காதீர்கள். அழுத்தம் குறைவான வீட்டுக்கு, இழுத்து நீட்டும் ஷவர் இல்லாத, அகலமான நீர்ப்பாதை கொண்ட எளிய குழாய்தான் நன்றாக வேலை செய்யும். மாட்ட வேண்டியது மேல் தளமா கீழ்த் தளமா என்பதும் கடையில் சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பழைய குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். தொட்டி நல்ல உயரத்தில் இருந்தும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், ஜிஐ குழாயின் உட்புறம் துரு படிந்து அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். என் வீட்டில் வெட்டியெடுத்த ஒரு துண்டில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை; உள்ளே செங்காவி நிறத்தில் மேடு மேடாகத் துரு. அதன் முனையில் எந்தக் குழாயை மாட்டினாலும் பயன் இல்லை. மாற்றும்போது இரும்புக் குழாயோடு செம்புக் குழாயை நேரடியாக இணைக்கக் கூடாது. இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு அரித்துப்போகும், நடுவில் அதற்குரிய இணைப்பு வேண்டும்.

வடிவத்துக்கு வருவோம். குழாயிலிருந்து நீர் சிங்கின் நடுப்பகுதியில் விழ வேண்டும், பின் சுவரில் அல்ல. ஆழம் குறைந்த சிங்குக்கு மிக உயரமான வளைவுக் குழாய் வைத்தால் சட்டை நனையும். சிங்கின் பின்னால் சன்னல் இருந்தால், கதவு உள்பக்கம் திறக்கும்போது குழாயில் இடிக்குமா என்று அளந்துவிடுங்கள். கைப்பிடி பின்னால் சாய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரில் மாட்டும் பழைய மிக்சரை மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டு இணைப்புகளின் நடுப்புள்ளித் தூரத்தை அளந்து கொண்டுபோங்கள். மேடையில் மாட்டும் ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்குப் பெரும்பாலும் 35 மி.மீ. துளை.

உள்ளே நீரைத் திறந்து மூடும் பீங்கான் தகடுகள் கொண்ட செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ளதாக, பித்தளை உடலாக எடுங்கள். கையில் தூக்கினாலே எடை தெரியும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் மேட் கறுப்பு வேண்டாம் என்பேன். ஒவ்வொரு துளியும் வெள்ளைத் தடம் விட்டுப்போகும். குரோமில் அவ்வளவாகத் தெரியாது, துடைப்பதும் சுலபம்.

புகைபோக்கி பற்றிச் சுருக்கமாக: புகையை வெளியே தள்ளும் குழாய் எந்தச் சுவர் வழியாக, எத்தனை வளைவோடு போகும் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். வளைவு கூடக் கூட இழுப்பு குறையும். கேஸ் அடுப்புக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதை அதன் கையேட்டில் உள்ளபடியே வையுங்கள். பெரும்பாலும் 65 செ.மீ.க்குக் குறையாது.

வேலை நடக்கும் வரிசை

சிங்க், குழாய், புகைபோக்கி மூன்றும் கல் வெட்டுவதற்கு முன்பே வீட்டில் வந்து இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள அளவை நம்பிக் கல் வெட்டினால், பொருள் வந்த பிறகு ஒரு செ.மீ. இடிக்கும். சுவருக்குள் பதிக்கும் குழாய் என்றால் அதன் உடலில் எவ்வளவு ஆழம் வரை பூசலாம் என்ற குறி இருக்கும். பூச்சு, ஓடு இரண்டின் தடிமனையும் சேர்த்து அந்தக் குறிக்குள் வர வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

சுவரை மூடும் முன் குழாய் வரிசையில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். அதே நாளில், ஒவ்வொரு சுவரையும் இஞ்ச் டேப்பை விரித்து வைத்தபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து ஒரு அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது, வயர் எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

பூச்சு, ஓடு, அலமாரி, மேடை, சிங்க், குழாய் என்று முடித்துவிட்டுக் கடைசியில் விளக்குகள். முதலிலேயே மாட்டினால் தூசியும் பெயின்டும் அவற்றின் மேல்தான் விழும்.

குழாயை மாட்டியதும் உடனே திறந்துவிடாதீர்கள். முதலில் சிங்கின் அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வுகளில் இருந்து நேராக வாளியில் தண்ணீரை ஓடவிடுங்கள். வேலையின்போது உதிர்ந்த துருவும் மணலும் அதில் வந்துவிடும். அந்த மணல் செராமிக் கார்ட்ரிட்ஜுக்குள் போனால் தகடுகளில் கீறல் விழுந்து புதுக் குழாயே சொட்ட ஆரம்பிக்கும். பிறகு ஹோஸ்களை இணைத்து, முனையில் உள்ள வலைமூடியைக் கழற்றிவைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் மூடியைப் போடுங்கள்.

கடைசியாகச் சிங்கை விளிம்புவரை நிரப்பி ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். தண்ணீர் வேகமாக இறங்கும்போது அடியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூடத் தாள் காட்டிக்கொடுக்கும். ஈரம் பட்டால் கால் திருப்பு இறுக்குங்கள், மறுபடி நிரப்புங்கள், மறுபடி ஒற்றுங்கள். இரவில் படுக்கப்போகும் முன் சிங்கின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் அது உலர்ந்திருந்தால் பிளம்பரின் வேலை முடிந்தது.